இடது கைக்கு ஒரு வாய்

இந்த நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு என் மருமகள் கல்பனாதான் அடி துடைத்துவிடுகிறாள். பாதி என்பது கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால்வாசி என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் சப்பென்று இருந்தது. ஆகவே பாதி என்றே இருக்கட்டும். வாசிக்கிறவர்கள் அவரவர் மனசாட்சிப்படி குறைத்துக்கொள்ளலாம்.

அவள் யாரையும் நேரில் போய்த் துடைப்பதில்லை. தேர்வாய் கண்டிகையில் பாக்கெட் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை. கடையில் வைப்ஸ் என்று கேட்டால் மெத்தென்று ஒரு பாக்கெட் தருவார்களே, உள்ளே ஈரத்தாள் அடுக்கியிருக்கும், மேலே ஒரு ஸ்டிக்கர் மூடி இருக்கும். அந்த மூடியைப் பிரித்தால் கீழே ஒரு திறப்பு. அதற்கு அவர்கள் தொழிலில் வாய் என்று பெயர். கல்பனா வாய் வெட்டுகிறவள்.

ஓட்டை போடுவதற்கு ஒரு ஆளா என்று நானும் முதலில் நினைத்தேன். வாயை அகலமாக வெட்டினால் ஒரு தாளை இழுக்கும்போது நாலைந்து கைகோத்துக்கொண்டு வரும். குறுக்கிவிட்டால் தாள் கிழியும். ஒரு தாள் வெளியே வந்ததும் அடுத்த தாளின் நுனி மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் விரலைவிட்டுத் துழாவ வேண்டியதுதான். மூடி சரியாக ஒட்டாவிட்டால் மறுநாள் உள்ளே இருப்பது அப்பளம். முன்பெல்லாம் இதற்குக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மூடி போட்டார்கள். தீர்ந்ததும் தூக்கி எறிகிற பொருளுக்கு அத்தனை பிளாஸ்டிக் எதற்கு என்று இப்போது எல்லாமே மெல்லிய பிலிமிலேயே முடிய வேண்டும் என்கிறார்கள். பிலிமோ துணி மாதிரி துவளும். துவளுகிற பொருளுக்கு உறுதியான வாய் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

கடம்பத்தூரில் எங்கள் வீடு. காலையில் மின்சார ரயிலைப் பிடித்துத் திருவள்ளூர் போய், அங்கிருந்து கம்பெனி வேனில் ஊத்துக்கோட்டை வழியாகப் போகிறாள். வீட்டிலும் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டு உப்பு, ரவை, சேமியா எதையும் பல்லால் கடித்துத் திறக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவில் வாய் வெட்டி வைத்திருப்பாள். சேமியா ஒவ்வொரு இழையாக வரும், பாயசம் முடிவதற்குள் தீபாவளி வந்துவிடும். ஒருநாள் தூக்கத்தில் எழுந்து தலையணைக்கே வாய் வெட்டிவிட்டாள். இதில் தூக்கம் என்பது மட்டும் என் சேர்க்கை.

இவ்வளவு திறமைக்காரிக்கு ஒரு குறை இருந்தது. கம்பெனியில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வரைபடம் உண்டு. அதன் மூலையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘வரைந்தவர்’, மற்றதில் ‘சரிபார்த்தவர்’. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கல்பனாவின் பெயர் இரண்டாவது கட்டத்தில்தான் இருந்து வந்தது. மற்றவர்கள் வரைவார்கள், இவள் குற்றம் கண்டுபிடிப்பாள், அவர்கள் திருத்துவார்கள், வாய் மிஷினுக்குப் போகும். முதல் கட்டத்தில் தன் பெயர் போட்டு ஒரே ஒரு வாய் மிஷினுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. வேறு பெண்கள் ஒட்டியாணத்துக்கு ஆசைப்படுகிற மாதிரி அந்தக் கட்டத்துக்கு ஆசைப்பட்டாள்.

போன வருஷம் அங்கே ரமீஸா வந்து சேர்ந்தாள்.

பழவேற்காட்டுப் பெண். அப்பா ஹயாத் பாஷாவுக்கு அங்கே ஜவுளிக்கடை. பேக்கேஜிங் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் பெரியம்மா வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறாள். வந்த வாரத்திலேயே சாம்பிள் ரூம் முழுக்க அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. சாம்பிள் ரூமுக்குத் தலைவர் மணவாளன். கல்பனாவைக் கல்பனா என்று கூப்பிடுகிறவர், வந்த பெண்ணை ரமீஸாம்மா என்றார். அந்த ஒரு ‘அம்மா’வை என் மருமகள் கடம்பத்தூர் வரை சுமந்துகொண்டு வந்தாள்.

“அவ கத்தியப் புடிச்சா பிலிமே பயந்துக்கினு வழி உடுது” என்றாள், சாப்பிட உட்கார்ந்ததும்.

“அப்ப நல்லா வேல செய்றான்னு சொல்லு” என்றான் அவள் புருஷன், என் மகன் ஜெகன்.

“நான் சொன்னனா? பிலிமு அப்டி நடந்துக்குதுன்னேன்.”

“இன்னிக்கு டப்பால இன்னா எடுத்தாந்தா?”

“எறா தொக்கு.”

“நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு. அதான் பேஜாரு.”

பொறாமை ஒரு ஜுரம் என்றால், கல்பனாவின் உடம்புச் சூட்டில் நாங்கள் ஒரு மாதம் காஸ் இல்லாமல் சமைத்திருக்கலாம். ரமீஸா உட்கார்ந்தால் நாற்காலி கீச்சிடவில்லை என்பது ஒரு குற்றம். கேன்டீனில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிற சீட்டை இவளுக்கு விட்டுக்கொடுத்தாள் என்பது இன்னொரு குற்றம். “எனக்கு எதுக்கு உட்டுக் குடுக்கணும்? நான் இன்னா கெழவியா?” என்று கேட்டாள். விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் இந்த வீட்டில் சாப்பாடு வேண்டுமே.

இந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி குழந்தைகளுக்கான வைப்ஸுக்குப் புதுப் பாக்கெட் கேட்டது. கெட்டி மூடி கூடாது, முழுக்கப் பிலிம். மணவாளன் இருவரையும் கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய் போடுங்க. கஸ்டமர் எத எடுக்குறாங்களோ அது மிஷினுக்குப் போவும்.”

“சரிபாக்கறது யாரு சார்?” என்று கேட்டாளாம் கல்பனா.

“யாரோடத எடுக்கலயோ அவங்க, எடுத்தத சரிபாக்க வேண்டிதுதான்.”

கல்பனா வரைந்தது ஒரு நேர்க் கீறல். இரண்டு முனையிலும், மேற்கொண்டு கிழியாமல் இருக்கச் சின்ன வட்டம். தூங்குகிற குழந்தையின் இமை மாதிரி இருக்கும். ரமீஸா வரைந்தது மீன். ஒரு பக்கம் வயிறுபோல அகன்று, மறுபக்கம் வால்போல ஒடுங்கும். வலது பக்கம் வால். தாளை இழுக்கும்போது அது வால் பக்கமாகப் போய் நெருக்கப்படும். நெருக்கத்தில் பின்னால் வருகிற தாள் கழன்று நின்றுவிடும்.

அந்த சாம்பிள் ரூமில் ஒரு வழக்கம். புது வாயிலிருந்து முதல் தாளை மணவாளன் வலது கையால் இழுத்து, சுவரில் இருக்கிற சாமி படத்தின் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு ஒவ்வொருவராக வந்து வலது கையால் ஒரு தாள். சிப்காட்டிலேயே அவ்வளவு சுத்தமான சாமி வேறு எங்கும் கிடையாது. கல்பனாவின் வாயிலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்து, நடுவில் ஒருமுறை இரண்டாக வந்தது. ரமீஸாவின் மீனிலிருந்து கடைசித் தாள்வரை ஒவ்வொன்றாகத்தான் வந்தது. “அடடா” என்றார் மணவாளன். என் மருமகள் வீட்டுக்கு வந்து அந்த ‘அடடா’வை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள். மூன்று தரம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட் வெளியே வந்தது. ரமீஸாவின் சாம்பிள்.

“கேட்டு எடுத்தாந்தியா?” என்றான் ஜெகன்.

“சாம்பிள்னா சாம்பிள் பாக்கத்தான்.”

குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தாள். வெயிலில் வைத்து இழுத்தாள், ஒன்று வந்தது. பிரிட்ஜில் வைத்து இழுத்தாள், ஒன்று வந்தது. வாஷிங் மெஷின் குலுங்கும்போது அதன் தலைமேல் வைத்து இழுத்தாள், அப்போதும் ஒன்றுதான் வந்தது. இழுத்த தாளையெல்லாம் வீணாக்க மனசில்லாமல் துடைத்துக்கொண்டே போனாள். மின்விசிறி, குக்கர், ஜன்னல் கம்பி, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் பளபளத்தன. தெருவில் போன ஒரு காக்கை கண் கூசி எங்கள் மாடியில் மோதியது என்று சொல்லலாம். ஒரு பொறாமையால் ஒரு வீடு இவ்வளவு சுத்தமாகும் என்றால் ஊராட்சியில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம்.

“ஒண்ணும் இல்லடி, நல்லாத்தான் கீது. உட்ரு” என்றான் ஜெகன்.

“நல்லா இருக்கறதுதான் சந்தேகமா கீது.”

அப்போது என் பேத்தி பூமிகா தன் கடமையை முடித்திருந்தாள். நடக்க ஆரம்பிக்காத வயசு. கல்பனா அவளைப் பாயில் படுக்கவைத்து, இரண்டு காலையும் வலது கையால் சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பக்கத்தில் கிடந்த பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை இழுத்தாள்.

சரசரவென்று ஐந்தாறு தாள் வந்தது. நெல் வயலில் தண்ணீர்ப் பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து வந்தது. அதன் நுனியில் பாக்கெட்டும் தொங்கிக்கொண்டு வந்தது.

கல்பனா குழந்தையின் காலைப் பிடித்தபடியே அந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் என் மகனின் கல்யாண வீடியோவில்கூடப் பார்க்கவில்லை.

“மாட்னா!” என்றாள். “ஏங்க, இங்க வாங்க. மீனு மாட்டிக்கிச்சு!”

விஷயம் எளிது. வால் வலப்பக்கம் இருப்பதால் வலது கையால் இழுத்தால் தாள் வாலில் நெருங்கும். இடது கையால் இழுத்தால் தாள் வயிற்றுப் பக்கமாகப் போகிறது. அங்கே நெருக்கவே ஆள் இல்லை, கூட்டமாக வந்துவிடும். ஆனால் கம்பெனியில் யார் இடது கையால் இழுத்தார்கள்? சாமி படத்தைத் துடைக்கப் போகிற தாளை, மேலதிகாரி முன்னால் நின்று, இடது கையால் இழுப்பதா? நம் ஊரில் மோர் டம்ளரையே இடது கையால் நீட்டினால் வாங்க மாட்டார்கள். அத்தனை பேரும் மரியாதையாக வலது கையால் இழுத்து, இடது கையால் மட்டுமே செய்கிற வேலைக்கு ஒரு பாக்கெட் செய்துவிட்டார்கள்.

கல்பனா வீட்டில் ஏற்கனவே வைத்திருந்த தன்னுடைய நேர்க் கீறலை எடுத்து இடது கையால் இழுத்துப் பார்த்தாள். வலது கையில் எப்படியோ அப்படியே. எப்போதாவது இரண்டு வந்தது, ஆனால் பாம்பு வரவில்லை. அன்று எங்களுக்குச் சாயங்காலம் கேசரி.

“இத நாளைக்கே ரமீஸா கிட்ட சொல்லிட்டா திருத்திப்பாளே” என்று நான் சும்மா ஒரு வார்த்தை போட்டேன்.

“நீங்க கேசரிய சாப்புடுங்க அத்த.”

செவ்வாய்க்கிழமை சென்னைக் கம்பெனியிலிருந்து சாராள் என்கிற பெண்மணி வந்தார். பாக்கெட் வாங்குவதில் முடிவெடுப்பவர் அவர்தான். மேசைமேல் இரண்டு பாக்கெட்டும் இருந்தன. முதலில் கல்பனாவுடையதை வலது கையால் இழுத்துப் பார்த்து, “நல்லாருக்கு” என்றார். பிறகு ரமீஸாவுடையதை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். “ஏங்க, இது சூப்பருங்க” என்றார். மணவாளனின் முகம் சாமி படத்தைவிடப் பளபளத்தது. கல்பனா தன் கையை மேசைக்கடியில் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

“மேடம், ஒரு வாட்டி லெஃப்ட் கையால இழுங்க.”

அறையில் இருந்த ஏசி கூட நின்றுவிட்டதாக அவள் சொல்கிறாள். கரண்ட் போயிருக்கும் என்பது என் கருத்து.

“இன்னா கல்பனா” என்று மணவாளன் பல்லைக் கடித்தார். “வந்தவங்க கிட்ட போய் லெஃப்ட் ஹேண்டு அது இதுன்னு…”

“குழந்தையோட கால யாரு சார் புடிப்பாங்க?” என்றார் சாராள். அவருக்கு இரட்டைக் குழந்தைகள். “ரைட்ல கால புடிச்சிக்கிட்டா லெஃப்ட்லதான தொடைக்கணும்?”

“எங்க ஊட்ல அதெல்லாம் ஒய்ஃபுதான் பாத்துக்குவாங்க மேடம்.”

“தெரியுது சார்” என்றார் சாராள்.

இடது கையால் இழுத்தார். அரக்கோணம் ரயில் மாதிரி பெட்டிக்குப் பின்னால் பெட்டியாக வந்தது. மணவாளன் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்பனா சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதல் கட்டத்தில் தன் பெயர் எழுதியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. எந்த எழுத்தை எவ்வளவு பெரிதாக எழுதுவது என்பது வரைக்கும் தெரிந்தது.

சாராள் அதே இடது கையால் கல்பனாவின் பாக்கெட்டை இழுத்தார். ஒன்று. ஒன்று. இரண்டு.

“அது ஈரத்துல ஒட்டிக்கினு இருந்துது மேடம்.”

மறுபடி இழுத்தார். ஒன்று. இரண்டு.

இதற்குள் ரமீஸா தன் பாக்கெட்டை அருகே இழுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. பாக்கெட்டைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைத்தாள். இப்போது மீனின் வால் இடது பக்கம். இடது கையால் இழுத்தாள். ஒன்று. இன்னொன்று. மேலும் ஒன்று. இழுக்க இழுக்க ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் வருகிற மாதிரி வந்தது.

“பாப்பா தலகீழா நிக்குதேம்மா” என்றார் மணவாளன், பாக்கெட்டின்மேல் அச்சடித்திருந்த குழந்தைப் படத்தைக் காட்டி.

“வால மட்டும் இந்தப் பக்கமா மாத்தி வெட்டிட்டா பாப்பா நேரா நின்னுக்கும் சார்.”

சாராள் மேசையைத் தட்டினார். “அவ்ளோதான். அத வெட்டி அனுப்புங்க.”

ரமீஸா கல்பனாவின் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்க சொல்லலன்னா எனக்கு இது தோணியே இருக்காதுக்கா. ரொம்ப தேங்க்ஸ்கா” என்றாள். கண்ணில் தண்ணீர் வேறு.

திட்டியிருந்தால் கல்பனா தாங்கியிருப்பாள். திருப்பித் திட்டுவதற்கு நிறையச் சரக்கு வைத்திருந்தாள். நன்றியை வாங்கிக்கொண்டு, மேசையில் சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் வால் மாற்றிய வரைபடம் மேசைக்கு வந்தது. வரைந்தவர்: ரமீஸா. சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தது. கல்பனா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்ட அழுத்தத்தில் எழுத்து காகிதத்தைத் தாண்டி, மேசையைத் தாண்டி, கீழ்த்தளத்தில் இருந்த கேன்டீன் கூரைவரை இறங்கிவிட்டது. காகிதத்தைத் தாண்டியது மட்டும் நிஜம்.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறியவள், நேராகப் பூமிகாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பேசாம இருந்திருக்கலாம்ல?” என்றான் ஜெகன்.

“பேசாம இருந்தா அவ மீனு வலது கைலயே ஜெயிச்சிருக்கும். பேசினேன், எடது கைலயும் ஜெயிச்சிடுச்சி. நான் எந்தக் கைய தூக்கிக்கினு எங்க போறது?”

ஜெகன் எழுந்து சமையலறைக்குப் போனான். டீ போட்டுக்கொண்டு வந்தான்.

சில மாதத்தில் அந்தப் பாக்கெட் கடைக்கு வந்தது. எங்கள் ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலில் முன்வரிசையில் அடுக்கிவைத்திருந்தார்கள். கல்பனா தினமும் ரயிலுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். கடைக்காரர் கொஞ்சம் அசந்தால் பாக்கெட்டையெல்லாம் குப்புறத் திருப்பிவைத்துவிட்டுப் போவாள் என்று கேள்வி. வீட்டுக்கு வேறு ஏதோ ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். அது ஒரு இழுப்புக்கு அரைப் பாக்கெட்டாக வந்தது. பூமிகாவை ஒருமுறை துடைத்துவிட்டு மிச்சத்தில் நாங்கள் தரை துடைத்தோம். ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அதையே பயன்படுத்தினாள். ஜெகன் பொறுக்க முடியாமல் ஒருநாள் மீன் பாக்கெட்டை வாங்கி வந்து துணிக்கூடைக்குள் ஒளித்துவைத்தான். குழந்தை அவசரத்தில் கல்பனாவின் கைக்கு அதுதான் கிடைத்தது. இடது கையால் இழுத்தாள். ஒன்று வந்தது. இன்னொன்று இழுத்தாள். ஒன்று வந்தது.

“சனியன், எவ்ளோ அழகா வருது பாரு” என்றாள்.

இப்போது ஓட்டல் மேசைகளுக்கு வைக்கிற டிஷ்யூ பாக்கெட் ஒன்றுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பொங்கல் வடை எண்ணெய்க் கையோடு இழுக்கிற தாள். பழையபடி ஆளுக்கு ஒரு வாய் வரையச் சொல்லியிருக்கிறார் மணவாளன். நான் இதை எழுதுகிற மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கல்பனா பிலிம் துண்டுகளாக வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையிலும் மாறி மாறி எண்ணெய் தடவிக்கொண்டு இழுத்துப் பார்க்கிறாள். என் காகிதத்தில்கூட ஒரு கைரேகை விழுந்திருக்கிறது.

ஒரு வாழ்க்கைக் குறிப்பை இப்படி எண்ணெய்ப் பிசுக்கோடு முடிக்கக் கூடாது என்று, படித்தவள் என்ற முறையில், கடைசிப் பத்தியைக் கொஞ்சம் உயரமாக எழுதினேன். அன்று அந்த அறையில் கல்பனா பேசியது தனக்காக அல்ல, முகம் தெரியாத எத்தனையோ தாய்மார்களுக்காகவும் அவர்களுடைய குழந்தைகளுக்காகவும்தான், தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்ன அந்த மனசு யாருக்கு வரும் என்று எழுதி, எழுதினதை உரக்க வாசித்தும் காட்டினேன். ஒரு மாமியார் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

கல்பனா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அத்த, அத அடிங்க.”

“ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா கீது, ஆனா பொய்யி. தோக்கப் போறேன்னு தெரிஞ்சிருந்தா வாயவே தொறந்திருக்க மாட்டேன். கொழந்தைங்களுக்காகவும் சொல்லல, யாருக்காகவும் சொல்லல. அவ தோக்கணும்னு சொன்னேன். அப்டியே எழுதுங்க.”